பேசிக் கோர்ஸ் முடிந்த மறுவாரம்

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஒன்பது மணி தாண்டி போன் வந்தது. பக்கத்து ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் பெண். கோடை விடுமுறையில் ஏழு நாள் தங்கி, சாரணிய ஆசிரியைகளுக்கான பேசிக் கோர்ஸ் முடித்தவர். அங்கே நானும் இரண்டு வகுப்பு எடுத்திருந்தேன். கடைசி ராத்திரி பாசறைத் தீயைச் சுற்றி எல்லாரும் பாடியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. போனில் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, முடிச்செல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன். உறுதிமொழி, சட்டம் ஒன்பது, கொடிப்பாட்டு எல்லாம் புள்ளைங்களுக்கு மனப்பாடம். கோர்ஸ் நோட்டுல இருந்ததெல்லாம் தீந்துபோச்சு. இனிமே என்னக்கா செய்யறது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. 2006-ல் இதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒரு வருஷம் போல அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். இந்தப் பெண்ணுக்காவது போன் செய்ய ஒரு நம்பர் இருந்தது என்று முதலில் ஆறுதலாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. கோர்ஸ் முடிந்து இரண்டு மாதமாகிவிட்டது. அவர் கூப்பிடும் வரை நான் அவரை ஒருமுறைகூடக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

சாரணர் இயக்கம் என்றால் வெளியில் இருப்பவர்களுக்குச் சுதந்திர தினத்தன்று கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி விறைப்பாக நிற்கும் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் இருக்கிறார். நம் ஊரில் பெரும்பாலும் அவர் ஒரு பள்ளி ஆசிரியர். பாடம் நடத்துவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் நிற்பதற்கும், மூங்கில் கழி தேடி அலைவதற்கும், முகாமில் முப்பது பிள்ளைகள் தூங்கும்வரை விழித்திருப்பதற்கும் கிடையாது. உலகம் பூராவும் இந்த இயக்கம் இப்படிச் சம்பளமில்லாத பெரியவர்களின் தோளில்தான் நிற்கிறது. பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று நிறையப் பேசுகிறோம். சொல்லிக்கொடுக்கிறவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பேசுவதே இல்லை.

நான் இதற்குள் வந்த கதை எல்லாருடைய கதை மாதிரிதான். பள்ளியில் சேர்ந்த முதல் வருஷம். தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏற்கெனவே சாரணியர் பொறுப்பில் இருந்த டீச்சர் மாறுதலாகிப் போயிருந்தார். "நீங்கதான் சின்ன வயசு, ஓடியாடிச் செய்வீங்க" என்றார்கள். மறுநாள் ஒரு பீரோச் சாவியைக் கொடுத்தார்கள். உள்ளே மடித்து வைத்த கொடி, இரண்டு விசில், எலி கடித்த கயிறு, பத்து வருஷத்து வருகைப் பதிவேடு. என் பயிற்சி அந்தப் பீரோவில்தான் ஆரம்பித்தது.

பிறகு கோர்ஸுக்கு அனுப்பினார்கள். அந்த ஏழு நாளைப் பற்றி நான் குறை சொல்லவே மாட்டேன். ஆசிரியர்களை ஆறேழு பேராகப் பிரித்து அணியாக்கிவிடுவார்கள். எங்கள் அணிக்கு மல்லிகை என்று பெயர். சாரணர் அணிகளுக்கு விலங்கு, பறவைப் பெயர். சாரணியர் அணிகளுக்குப் பூப்பெயர். காலையில் ஆறு வகை உடற்பயிற்சி, பி.பி. சிக்ஸ் என்பார்கள். மூங்கிலும் கயிறும் வைத்துச் செருப்பு ஸ்டாண்டு, தட்டு கவிழ்க்கும் பரண், வாசல் வளைவு எல்லாம் நாமே கட்ட வேண்டும். விறகடுப்பில் நாமே சமைக்க வேண்டும். என்னோடு அணியில் இருந்த ஓர் அம்மாவுக்கு ஓய்வு பெற நாலு வருஷம்தான் பாக்கி. அவர் தட்டுப் பரண் கட்டி முடித்து, அதில் முதல் தட்டை வைத்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். ஒரு பிள்ளைக்கு அந்தப் பரண் என்ன தரும் என்பதை எந்த விரிவுரையும் எனக்கு அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

இந்த முறைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-ல் பிரவுன்சீ தீவில் இருபது பையன்களை வைத்து முகாம் நடத்தினார். அடுத்த வருஷம் அவர் எழுதிய புத்தகம் வந்தது. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே அணி சேர்ந்துகொண்டு, தலைமை தாங்கப் பெரியவர்களைத் தேடி அலைந்தார்கள். பெரியவர்களுக்கோ என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குள் முதல் உலகப் போர் வந்து இளம் தலைவர்கள் பலரைக் கொண்டுபோய்விட்டது. அணி முறையைப் பற்றி முதன்முதலில் தெளிவாக எழுதிய ரோலண்ட் பிலிப்ஸ் 1916-ல் சோம் போர்முனையில் இறந்தார். போர் முடிந்ததும், லண்டனுக்கு வெளியே எப்பிங் காட்டை ஒட்டிய கில்வெல் பார்க் என்ற இடத்தை மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பணம் கொடுத்து வாங்கித் தந்தார். 1919 செப்டம்பர் 8-ம் தேதி பெரியவர்களுக்கான முதல் பயிற்சி அங்கே தொடங்கியது. பத்தொன்பது பேர் வந்தார்கள். பிரான்சிஸ் கிட்னி என்பவர் நடத்தினார். வந்தவர்கள் எல்லாரும் சிறுவர்களைப் போலவே அணியாகப் பிரிந்து, கூடாரத்தில் தங்கினார்கள்.

முடித்தவர்களுக்கு என்ன அடையாளம் கொடுப்பது என்று வந்தபோது, பேடன் பவல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு மாலையின் மரமணிகளைத் தோல் கயிற்றில் கோத்துக் கொடுத்தார்கள். ஜூலு மன்னர் டினிசூலுவின் மாலை என்று சொல்லப்படுவது அது. உட் பேட்ஜ் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 1888-ல் ஜூலுக்கள் மேல் நடந்த ராணுவ நடவடிக்கையின்போது பேடன் பவல் கைக்கு வந்தது அந்த மாலை. பயிற்சியில் இந்தப் பகுதியையும் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். நான் வகுப்பெடுக்கும்போது சொல்கிறேன். நம் நாட்டில் இதை ஹிமாலயா உட் பேட்ஜ் என்கிறோம். பேசிக், அட்வான்ஸ்டு முடித்து அதற்குப் போக வேண்டும். இரண்டு மணி கழுத்தில் ஏறும். பயிற்சியாளராகும்போது மூன்று, அப்புறம் நான்கு.

சென்னைக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. தொடக்கத்தில் இந்தியாவில் இந்த இயக்கம் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். நம் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டோம் என்றபோது, 1916-ல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். பிறகுதான் எல்லாம் இணைந்து, இணைந்து, 1950 நவம்பர் 7-ல் பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஆனது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பழைய கில்வெல் பயிற்சியில் முகாம் ஒரு பகுதிதான். எழுத்துப் பகுதி ஒன்று தனியாக இருந்தது. கேள்விகளுக்கு வீட்டிலிருந்து பதில் எழுதி அனுப்ப வேண்டும். அதோடு, தன் சொந்த ஊரில் தன் படையை நடத்திக் காட்ட வேண்டும். ஒருவர் வந்து பார்த்து, ஆமாம், நடக்கிறது என்று சொன்ன பிறகுதான் மணி. ஆரம்பித்தவர்களுக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. காட்டுக்குள் ஒரு வாரம் இருந்து வருவதால் ஒருவர் சாரண ஆசிரியர் ஆகிவிட மாட்டார். ஊர் திரும்பிய பிறகு அவர் மைதானத்துக்கு யாராவது போக வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்த 'யாராவது போவது'தான் தேய்ந்து தேய்ந்து, சான்றிதழ் ஃபோட்டோவோடு நின்றுவிட்டது.

எனக்கு ஒருவர் வந்தார்.

ஓய்வு பெற்ற பயிற்சியாளர். நான்கு மணி போட்டவர். நாங்கள் எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். நான் பொறுப்பெடுத்து ஒரு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் மஞ்சப்பை. "நீங்க நடத்துங்கம்மா, நான் சும்மா இருக்கேன்" என்று வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கை நடுங்கியது. ஆய்வுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரு மணி நேரம் ஓயாமல் பேசினேன். முடிந்ததும் எதிரே இருந்த டீக்கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. "அந்தக் கடைசி அணியில மூணாவதா நின்ன புள்ள இருக்குல்ல, அது இன்னைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசலம்மா. எப்பவுமே அப்படித்தானா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அந்தக் குழந்தையின் பெயரே சட்டென்று வரவில்லை.

அடுத்த மாதமும் வந்தார். அப்போது கேட்டது இது: "ஒரு மணி நேரத்துல நீங்க எத்தனை நிமிஷம் பேசுனீங்க, புள்ளைங்க எத்தனை நிமிஷம் பேசுச்சுங்க?" அவர் கடிகாரம் பார்த்து எழுதி வைத்திருந்தார். நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நாற்பத்தேழு நிமிஷம் நான். அணித் தலைவிகளைக் கூட்டி, வாரம் பத்து நிமிஷம் அவர்களே முடிவெடுக்கட்டும் என்று ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். கோர்ட் ஆஃப் ஹானர் என்று கோர்ஸில் எழுதிப் போட்டிருந்தார்கள். நானும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதை நடத்துவது என்றால் என் வாயை மூடிக்கொண்டு உட்காருவது என்பது அந்த நாற்பத்தேழைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

பிள்ளைகள் முன்னால் அவர் என்னை ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. ஒருநாள் நான் க்ளோவ் ஹிட்ச் முடிச்சைத் தப்பாகப் போட்டுக் காட்டிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில், மஞ்சப்பையிலிருந்து ஒரு துண்டுக் கயிறை எடுத்து, பெஞ்சுக் காலில் மெதுவாகப் போட்டுக்கொண்டே வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டேன். அடுத்த வாரம் பிள்ளைகளிடம் நானே சொல்லித் திருத்தினேன்.

அப்பா இறந்தபோது நான் ஒரு மாதம் பள்ளிக்கு வந்தும் வராமலும் இருந்தேன். அந்த நாலு சனிக்கிழமையும் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, இன்னொரு டீச்சரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஐயா வந்து என் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தியிருக்கிறார். எனக்குச் சொல்லவே இல்லை. பிள்ளைகள்தான் சொன்னார்கள். நான் விட்டுவிட்டுப் போயிருக்கக்கூடிய மாதம் அது. அந்த வருஷம் என்னோடு கோர்ஸ் முடித்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே விட்டுவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று கூட்டங்களில் பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அவர்களுடைய வேப்பமரத்தடிக்கு யாரும் போகவில்லை.

சரி, திரும்பத் திரும்பப் பயிற்சி எதற்கு, முடிச்சு மாறவா போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. முடிச்சு மாறாது. மற்றது மாறும். என் 2006-ம் வருஷக் கோர்ஸ் நோட்டு இன்னும் இருக்கிறது. அதில் பாம்புக்கடி என்ற தலைப்பின் கீழ் என் கையெழுத்தில், 'கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டவும்' என்று இருக்கிறது. இது தப்பு. இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை காலையே இழக்க நேரலாம். வெட்டக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், பதற விடாமல், எலும்பு முறிந்தால் செய்வது மாதிரி கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 108-க்குச் சொல்லி, நஞ்சுமுறி மருந்து இருக்கிற மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நான் ஏழெட்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கயிறு கட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். யாரும் எனக்கு மாற்றிச் சொல்லவில்லை. ஓர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை முகாமுக்குக் கூப்பிட்டிருந்தோம். அவர்தான் என் பாடத்தைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் போனதும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் யாராவது, எங்காவது, யாருக்காவது இறுக்கிக் கட்டியிருப்பார்களோ?

முகாம் நடத்துகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும்; தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். பெரிதாக வலிக்காது, கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடிகாலையில் ஒரு பிள்ளை வயிறு வலிக்கிறது என்று அழுது, கண் இமை தானாகக் கீழே இறங்கினால், நேற்றுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பது நல்ல காப்பு. இது என் கோர்ஸ் நோட்டில் இல்லவே இல்லை. நாங்கள் ஒருமுறை பிள்ளைகளை வடநெம்மேலிக்குக் கூட்டிப் போனோம். 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் அங்கே பாம்பின் நஞ்சை எடுத்து, மருந்து செய்யும் இடங்களுக்குக் கொடுக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கையும் பிள்ளைகள் பார்த்தார்கள். அவர்களைவிடக் கூட வந்த ஆறு ஆசிரியைகள்தான் அதிகமாகக் கேள்வி கேட்டார்கள்.

தீக்காயத்துக்குப் பற்பசை, வலிப்புக்கு இரும்புச் சாவி இரண்டும் இன்னும் பல பேர் கையில் இருக்கின்றன. தீக்காயத்தை ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். வலிப்பு வந்தால் அடிபடாமல் பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் எதையும் திணிக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும், இதெல்லாம் சரியாகிவிடும்.

இன்னொன்று ஒரு நாளில் சரியாகாது. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

பல வருஷத்துக்கு முன் ஒரு முகாம். கடைசி ராத்திரி, பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றாள். வீட்டில் ஒரு உறவுக்காரரைப் பற்றிச் சொன்னாள். சொல்வதற்கு முன்னால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்" என்றாள். நான் பண்ணினேன். அந்த நேரத்தில் அது அன்பு என்று நினைத்தேன். அதனால் இரண்டு நாள், என்ன செய்வதென்று தெரியாமல் சத்தியத்துக்கும் பயத்துக்கும் நடுவில் கிடந்தேன். மூன்றாம் நாள் ஐயாவிடம் போய் அழுதேன். அவர்தான் உட்கார வைத்து, 1098-க்குப் போன் போட வைத்தார். அந்தக் குழந்தை காப்பாற்றப்பட்டாள். அந்த இரண்டு நாளும் அவள் அதே வீட்டில்தான் இருந்தாள் என்பது என்னை இன்றுவரை விடவில்லை.

2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, இப்படி ஒன்று தெரியவந்தால் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு பிள்ளை வாய் திறக்கும் அந்த நிமிஷத்தில் நாம் என்ன சொல்கிறோம் என்பது பழகி வர வேண்டும். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பே இல்ல. உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் நான் சொல்லுவேன்" என்று சொல்லத் தெரிய வேண்டும். துருவித் துருவிக் கேட்கக் கூடாது. பிள்ளை சொன்னதை அவள் வார்த்தையிலேயே அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். இப்போது நாங்கள் இதை இரண்டு பேர் இரண்டு பேராக உட்கார்ந்து பேசிப் பார்க்கிறோம். முதல் தடவை எல்லாருக்கும் தொண்டை அடைக்கிறது. மூன்றாவது தடவை வார்த்தை வருகிறது. உலகச் சாரணர் அமைப்பு 2017-ல் பாக்கு நகரில் நடந்த மாநாட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று தனிக் கொள்கையே ஏற்றுக்கொண்டது. கொள்கை பாக்குவிலிருந்து எங்கள் ஒன்றியம் வரை வந்து சேர்வதற்கு ஆள்கள் வேண்டும். முகாமில் எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக் கூடாது, எப்போதும் இன்னொரு பெரியவர் கண் பார்வையில் இருக்க வேண்டும் என்ற விதி பிள்ளைக்கும் காப்பு, நமக்கும் காப்பு. இதைச் சொன்னால் "எங்களைச் சந்தேகப்படறீங்களா?" என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. அவர்களோடு பொறுமையாகப் பேசத்தான் வேண்டும்.

ஐயா மறைந்து ஆறு வருஷமாகிறது. அவர் போன பிறகு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று ஆரம்பித்தோம். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவர் பள்ளி. சுற்றறிக்கை கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, மேடை கிடையாது. முதல் ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு கைவேலை: ஒரு தடவை மூங்கில் கோபுரம், ஒரு தடவை விறகில்லாமல் சமைப்பது, ஒரு தடவை வெறும் பாட்டும் விளையாட்டும். அப்புறம் டீ. டீக்குப் பிறகுதான் உண்மையான விஷயம். யாராவது ஒருவர் தன் பிரச்சினையைச் சொல்வார். "என் சாரணியர் கம்பெனில அணித் தலைவி மத்த புள்ளைங்கள மிரட்டுறா" என்று ஒருவர். "தலைமையாசிரியர் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் போட்டுட்டார்" என்று ஒருவர். "மாதவிலக்கு வந்த புள்ளைய முகாமுக்கு அனுப்ப மாட்டேங்கிறாங்க" என்று ஒருவர். யாரும் உடனே தீர்வு சொல்லக் கூடாது, முதலில் மூன்று பேராவது கேள்வி கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஆசிரியர்கள் கூடின இடத்தில் இந்த விதியைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

பதினோரு பேரோடு தொடங்கியது. சில மாதம் ஐந்து பேர்தான் வருவார்கள். தேர்தல் வேலை, விடைத்தாள் திருத்தம், கல்யாண சீசன் என்று வந்தால் அதுவும் இருக்காது. ஆனாலும் அந்த ஞாயிற்றை நாங்கள் ரத்து செய்வதில்லை. இரண்டு பேர் வந்தாலும் டீ உண்டு.

இதில் நான் கற்றுக்கொண்ட ஒன்று பெண்களைப் பற்றியது. ஏழு நாள் வீட்டை விட்டு வந்து தங்கினால்தான் பயிற்சி என்றால், கைக்குழந்தை இருக்கிறவர் வர முடியாது. படுத்த படுக்கையாக மாமியார் இருக்கிறவர் வர முடியாது. வர முடியாதவர்களை ஈடுபாடு இல்லாதவர்கள் என்று எழுதிவிடுகிறோம். எங்கள் ஞாயிறுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரலாம் என்று சொன்ன மாதம்தான் கூட்டம் இரட்டிப்பானது. ஒரு வகுப்பறையில் பாய் விரித்து, திரி சாரணியர் பிள்ளைகள் இரண்டு பேர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். செலவு என்று பார்த்தால் பாயும் பிஸ்கட்டும்தான்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஸ் செலவு, ஸ்கார்ஃப் வாங்க முடியாத பிள்ளைக்கு நாமே வாங்கிக் கொடுப்பது, முகாமில் திடீரென்று தீர்ந்துபோகும் அரிசி என்று சாரண ஆசிரியர்கள் கைக்காசு போட்டுத்தான் நடத்துகிறார்கள். யாரும் கணக்குக் கேட்பதில்லை, யாரும் திருப்பித் தருவதும் இல்லை. சம்பளம் வேண்டாம் என்று வந்தவர்கள்தான். ஆனால் சேவைக்கு வந்தவர் தன் கையிலிருந்து இழக்கவும் வேண்டும் என்று யார் சொன்னது? பஸ் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு அந்த மாதமே காசைக் கொடுத்துவிடுங்கள்; அதைவிடப் பெரிய மரியாதை ஒன்றும் வேண்டாம்.

1993-ல் பாங்காக்கில் நடந்த உலகச் சாரணர் மாநாடு பெரியவர்களுக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. 2011-ல் பிரேசிலின் குரிச்சிபாவில் அதைப் புதுப்பித்தார்கள். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது, பொறுப்பைக் காலவரையறை வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது. இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டு, இத்தனை வருஷம் இந்த வேலை, இன்ன உதவி நாங்கள் செய்வோம் என்று முடிவு செய்ய வேண்டும். காலம் முடிந்ததும் உட்கார்ந்து பேச வேண்டும்: தொடர்வதா, வேறு வேலைக்கு மாறுவதா, விடைபெறுவதா. விடைபெறுவதும் அதில் ஒரு மரியாதையான வழி. எங்கள் பக்கம் பீரோச் சாவி ஒருவர் கைக்கு வந்தால், மாறுதலோ ஓய்வோ வரும்வரை அவர் கையில்தான். நடுவில் விட்டால் குற்றவாளி மாதிரி பார்ப்பார்கள். நாலு வருஷம் நன்றாக நடத்திவிட்டு, இனி முடியவில்லை என்று போன ஒரு டீச்சருக்கு ஒரு நன்றிக் கடிதம்கூட யாரும் எழுதவில்லை. போன வருஷம் அவர் வீடு தேடிப் போய், எங்கள் ஞாயிற்றுக் கூட்டத்தின் சார்பில் ஒரு சால்வையும், அவரிடம் படித்த பிள்ளைகள் எழுதிய கடிதங்களும் கொடுத்தோம். அவர் இப்போது சமையல் வகுப்புக்கு மட்டும் வருகிறார்.

போனில் பேசிய அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு ராத்திரி நான் எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை. "இந்தச் சனிக்கிழமை வரேம்மா" என்று மட்டும் சொன்னேன். மூன்றரை மணி பஸ். பள்ளிக்குப் பின்னால் புளியமரம். நான் அதன் கீழே போய் உட்கார்ந்துகொண்டேன். இருபத்திரண்டு பிள்ளைகள், மூன்று அணி. அவர் பதற்றமாகத்தான் ஆரம்பித்தார். என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். இருபது நிமிஷம் போன பிறகு ஒரு பிள்ளை கயிற்றோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் நான் இருப்பதையே மறந்துபோனார்.

முடிந்ததும் டீ குடித்தோம். "எப்படிக்கா இருந்துச்சு?" என்றார். அவர் ஒரு பிள்ளையிடம் கூடுதல் நேரம் உட்கார்ந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளையைப் பற்றி அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது. பாட்டியிடம் வளர்கிறாள், இடது கைப்பழக்கம், அதனால்தான் முடிச்சு தலைகீழாக வருகிறது. என்னிடம் கேள்வி இருந்தது, கேட்கத் தேவைப்படவில்லை. பஸ் வரும்வரை, ஆற்றங்கரை வரை ஒரு நாள் நடைப்பயணம் போவதற்குத் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் எப்படி அனுமதி கேட்பது என்று இரண்டு பேரும் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தோம்.

பஸ் ஏறும்போது ஓடி வந்து ஜன்னலில் கை வைத்தார். "அக்கா, அடுத்த மாசம் வரும்போது டவுன்லேர்ந்து சணல் கயிறு ரெண்டு கட்டு வாங்கிட்டு வாங்க. இங்க நைலான்தான் கிடைக்குது. முடிச்சு நிக்க மாட்டேங்குது."